அறுக்க ஒரு சுங்கான்

"சார், ஒரே ஒரு நிமிஷம் அதை வாயிலேர்ந்து எடுங்களேன்."

கடைசல்காரர் நடுத்தெருவில் ஆட்களை நிறுத்திக் கேட்பது இது. நிறுத்தப்பட்டவர் சுங்கான், அதாவது புகையிலை பைப், பிடித்துக்கொண்டு போகிறவராக இருப்பார். முன்பின் தெரியாதவராகவும் இருப்பார். பெரும்பாலானவர்கள் திகைத்துப்போய் எடுத்துவிடுவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை உருவி, "உள்ள விட்டுப் பார்க்கலாமா?" என்பார். பேச்சு அந்த இடத்தோடு முறிந்துவிடும்.

இத்தனைக்கும் அவர் புகைப்பதில்லை. ஒருமுறை இழுத்துப் பார்த்ததில் பட்டறைத் தூசி முழுக்க அவர் இருமலிலேயே கிளம்பிவிட்டதாம். "பிடிக்கத் தெரியாது. ஆனா வாயில எப்பவும் ஒண்ணு இருக்கணும், கைக்குழந்தைக்கு ரப்பர் மாதிரி" என்பது அவர் மனைவியின் விளக்கம். நாற்காலிக் கால், கட்டில் குமிழ், மாடிப்படிக் கைப்பிடித் தூண் என்று கடைந்துகொண்டிருந்தவர், ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துத் தம் முதல் சுங்கானைக் கடைந்தார். கைக்கு அடக்கமாக, வழவழப்பாக, குறை சொல்ல முடியாததாக வந்தது. அதிலிருந்து விடவில்லை.

குறை சொன்னவர் புகையிலைக் கடைக்காரர். "அண்ணே, கண்ணாடிக்குள்ள வெச்சா ராஜா மாதிரி இருக்கு. பத்த வெச்சா சளி பிடிச்ச பிள்ளை மாதிரி கொரகொரங்குது. வாங்கினவன் எல்லாம் திருப்பிக் கொண்டாந்து கொடுக்கறான். அடுத்ததும் கொரகொரத்துச்சுன்னா உங்க சரக்கு வைக்கற தட்டுல தீப்பெட்டி அடுக்கிடுவேன், பார்த்துக்குங்க."

வாய்க்குழாயிலிருந்து வரும் துளை, புகையிலைக் குழிக்குள் எங்கே வந்து சேர வேண்டும் என்பதுதான் சிக்கல். அந்த இடம் படத்தில் தெரியாது. கம்பி விட்டாலும் தட்டுப்படுவதோடு சரி. "வெளியே பார்த்து உள்ளே செய்யறது, கதவைப் பார்த்து வீடு கட்டற மாதிரி" என்று அலுத்துக்கொள்வார். அதனால் அவருக்குத் தேவை, கை தேர்ந்தவன் செய்த பழைய சுங்கான் ஒன்று. அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்துவிட வேண்டும்.

"புதுசு வாங்கலாமே?" என்றால், "அதுக்கு லேத்தை விக்கணும். லேத்தை வித்துட்டுச் சுங்கானை எதுல கடையறது, பல்லுலயா?" என்பார். பழம்பொருள் கடைகளில் சுங்கானோடு அதன் வரலாற்றையும் சேர்த்து விற்கிறார்கள். விலையில் முக்கால்வாசி அந்த வரலாற்றுக்குத்தான். ஒரு கடையில் எப்படியோ பேரம் படிந்துவிட்டது. மனிதருக்கு மறைக்கத் தெரியாது. "இங்கேயே அறுத்துக்கவா? இறுக்கிப் பிடிக்க வைஸ் இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் சுங்கானை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்தான், வெளியே வரவில்லை.

உடைந்தது, ஓட்டை விழுந்தது என்றால் மலிவாகக் கிடைக்கும். இவர் தொடமாட்டார். "கெட்டுப்போனதைப் பார்த்து என்ன கத்துக்கறது? அந்த ரகம்தான் என்கிட்டயே மூட்டையா இருக்கே."

கடைசியில் ஒரு சுங்கான் தானாகவே பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் அடுத்த தெரு சர்வேயரின் மனைவி. பின்னால், முடிவெட்டக் கூட்டிவரப்பட்ட பிள்ளையைப் போல, ஓய்வுபெற்ற சர்வேயர்.

"பைப்பை அறுக்கறவர் நீங்கதானே? டாக்டர் சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு, கேக்கற வழியா இல்லை. காசு ஒண்ணும் வேண்டாம். அறுத்தாப் போதும். இனிமே இதுல புகை வந்துச்சுன்னு என் காதுல விழக் கூடாது." கணவரைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு அந்த அம்மாள் கடைத்தெருவுக்குப் போனார்.

தலை மறைந்ததும் சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வேற ஏதாவது கட்டையை அறுத்து அவகிட்ட காட்டிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கடைசல்காரர் சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையும் வாய்க்குழாயும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையவில்லை. "சார், இப்படி ஒண்ணுக்காகத்தான் ஊரெல்லாம் திட்டு வாங்கிட்டு அலையறேன். மன்னிச்சுக்குங்க."

துணி சுற்றி வைஸில் இறுக்கி, பென்சிலால் நடுக்கோடு போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சர்வேயர் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு முழுதாகவே திரும்பினார்.

"கோடு கோணல்."

"நேராத்தானே சார் இருக்கு?"

"வாய்ப் பக்கம் இடது கைக்கு அரை நூல் ஒதுங்குது. ஊரான் வயலுக்கெல்லாம் நேர்கோடு போட்டவன் நான். என் பைப்புல கோணலா விடுவேனா? கொண்டாங்க இப்படி!" பென்சிலைப் பிடுங்கி, பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாமே போட்டார்.

ரம்பம் இறங்கியது. முதலில் கறுப்புத் தூள், பிறகு பழுப்பு. பழைய புகையின் வாசனை எழுந்தது. சர்வேயர் அதை ஆழ இழுத்துக்கொண்டார்.

இரண்டு பாதியாகப் பிரிந்ததும் கடைசல்காரர் குனிந்தார். துளை குழியின் அடித்தரையைத் தொட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. அவர் செய்ததிலெல்லாம் அது ஒரு மிளகளவு மேலே நிற்கும். அந்த மிளகளவில்தான் ஈரம் தேங்கிக் கொரகொரத்திருக்கிறது. "அட, இவ்வளவுதானா!" என்றவர், வெகுநேரம் நிமிரவில்லை.

சர்வேயர் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். "அப்ப நான் வரேன்."

"இருங்க சார். புகைதானே வரக் கூடாதுன்னாங்க?"

கடைசல்காரர் ஒரு பாதியை மேசையில் வைத்தார். மற்றதை எடுத்து, அறுத்த விளிம்பில் மெல்லிய உப்புத்தாளை ஓட்டினார். வாய் வைக்கும் நுனிக்கு வந்தபோது நிறுத்தித் தம் கீழுதட்டில் வைத்துப் பார்த்தார். லேசாகச் சிராய்த்தது போலிருக்கிறது. மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.