மச்சாவும் மச்சானும்

நீராவிப்பிட்டி றிம்ஸியாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் இருக்கமாட்டாள். கல்யாணம் முடித்துப் புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே இஸ்திரிப்பெட்டியைக் கழற்றி நிலத்தில் பரப்பி வைத்தவள். மாமி நாச்சியா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அன்று பின்னேரமே பெட்டி சுட்டது. அதற்கு முன் ஒரு வருடமாக அது சுடாமல் அலுமாரிக்கு மேல் கிடந்ததையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

முள்ளியவளையில் ஒரு பார்மசியில் அவளுக்கு வேலை. மருந்துத் துண்டோடு வருகிறவர்களிடம் டொக்டர் கேட்காத கேள்வியெல்லாம் இவள் கேட்பாள். "ஏன் அண்ணை, இந்தக் குளிசை போட்டால் நித்திரை வருதோ? எவ்வளவு நேரத்தால வருது?" வந்தவர் பஸ்சையும் விட்டுவிட்டு நின்று பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவளால் கழற்றிப் பார்க்க முடியாத ஒன்று இருந்தது. அது அவளுடைய புருஷன்.

சப்ராஸ் நாச்சியா மாமியின் மகன், அவளுக்கு முறை மச்சான். இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வேறு வேறு முகாம்களில் இருந்து ஊருக்குத் திரும்பியவை. சின்ன வயதில் கல்யாண வீடுகளில் அவனைத் தூரத்தில் கண்டதோடு சரி. முடித்து ஐந்து வருடம். அதில் அவன் வீட்டில் இருந்தது, லீவெல்லாம் சேர்த்து, பதினொரு கிழமை. மிச்சமெல்லாம் கட்டார் நாட்டில். பிள்ளை இன்னும் இல்லை. ஊருக்குள் அதையும் கேட்டார்கள், போனில் பிள்ளை பெறலாமாக்கும்!

அவன் கோப்பிக்கடையில் வேலை என்பது மட்டும் தெரியும். கோப்பிக்கடை என்றால் அவளுக்குப் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக்கடைதான் கண்ணில் வரும். தோளில் துவாயும் கையில் பேணியுமாக மச்சான் நின்று ஆத்துவதாக நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு, வேலைக்குப் போகமுன், போன் எடுப்பான்.

"சாப்பிட்டியா?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். உம்மா?"

"இருக்கிறா. அங்க வெயிலோ?"

"வெயில்தான்."

இவ்வளவுதான். ஐந்து வருடக் குடும்ப வாழ்க்கை இந்த நாலு வரிக்குள் அடங்கிக் கிடந்தது.

போன மாதம் வவுனியா அர்ஷாத் லீவில் வந்தான். சப்ராஸோடு ஒரே அறையில் இருப்பவன். பேரீச்சம்பழம், சவர்க்காரம், போர்வை, சென்ட் என்று ஒரு பையும், வாயில் ஒரு செய்தியும் கொண்டுவந்தான். கடைக்காரர் சப்ராஸை இன்னும் இரண்டு வருடத்துக்கு எடுக்கிறார்களாம். வருகிற வியாழக்கிழமை கையெழுத்து வைக்கவேண்டுமாம்.

மாமிக்குச் சந்தோசம். வீட்டின் பின்பக்கம் இன்னும் பூசாமல் செங்கல்லாகவே நிற்கிறது, அதை முடித்துவிடலாம். "நல்லம்தானே மகள்?" என்று கேட்டார். "நல்லம்தானே மாமி" என்றாள் றிம்ஸியா. வேறென்ன சொல்வது? உழைக்கிற ஆம்பிளையைப் போதும் வா என்று கூப்பிடுகிற நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை. ஆனால் குசினிக்குள் போய் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டு வருடம் என்றால் அவளுக்கு முப்பது முடிந்துவிடும்.

பையின் அடியில் பாதி வெறுமையான ஒரு சின்னத் தகர ரின் கிடந்தது. உள்ளே பச்சைப் பசேலென்று தூள். அவள் வேலைக்குப் போன நேரம் மாமி அதைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்தவுடனே முடிவும் கட்டிவிட்டார்: மருதோன்றி. தேசிக்காய்ப் புளி விட்டுக் குழைத்து, இடது உள்ளங்கையில் அப்பிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் சுழல்கிற பானுக்குக் கீழே கையை விரித்தபடி இருந்திருக்கிறார். கழுவினால் கை வெள்ளைவெளேரென்று இருக்கிறது.

"கட்டாரிலயும் கலப்படம்!" என்று மாமி கொதித்தார்.

றிம்ஸியா மணந்து பார்த்தாள். கீரையும் வைக்கோலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். ரின்னில் இங்கிலீசில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினாள். மச்சா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டியா?"

"அது கிடக்கட்டும். ரின்னில உங்கட பேரை எழுதி அனுப்பி இருக்கிறீங்கள், ஆனால் கடைசி எழுத்தை விட்டிட்டீங்களே?"

விளங்குவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஐந்து வருடத்தில் அந்தப் போனுக்குள் இருந்து அவள் கேட்காத சத்தம் அது. மாமியின் கைக் கதையையும் சொன்னாள். அவனுக்குப் புரைக்கேறியது.

"அது தேயிலை, றிம்ஸி. யப்பான்காரர் நிழலில வளத்து மாவா அரைக்கிறது. திகதி முடியப்போகுதெண்டு கடையில எறியப் பாத்தவை. சும்மா பையில போட்டுவிட்டனான்."

"அதை வச்சு நீங்கள் என்ன செய்வீங்கள்?"

அவன் ஒரு படம் அனுப்பினான். கண்ணாடிக் கிளாஸ் ஒன்று. அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, மேலே கோப்பி நிறம். மூன்றும் கோடு கிழித்த மாதிரித் தனித்தனியே நின்றன. அவள் படத்தை விரலால் இழுத்துப் பெருப்பித்தாள். கிளாஸைப் பிடித்திருந்த பெருவிரலில் ஒரு சுட்ட தழும்பு. அது லீவில் வந்தபோது இருக்கவில்லை.

"இது எப்பிடிக் கலங்காமல் நிக்குது?"

"நிக்கும்" என்றான் அவன். "ஊத்தினால் நிக்கும்."

இந்தப் பதில் றிம்ஸியாவுக்குப் போதுமா? ஞாயிற்றுக்கிழமை குசினியில் இறங்கிவிட்டாள். பச்சைத் தூளைத் தேத்தண்ணி வடியில் அரித்து, சுடுதண்ணி விட்டு, முட்டை அடிக்கிற கம்பியால் நுரைக்க அடித்தாள். பால்மாவைக் கொதிதண்ணியில் கரைத்தாள். மாமி மல்லி சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூளைத் தடிப்பாகக் காய்ச்சினாள். மூன்றையும் ஊற்றியதும் கிளாஸுக்குள் மாரிக்குளம் மாதிரிக் கலங்கல்தான் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினாள்.

"ஐஸ் எங்க?" என்று கேட்டான்.

"கோப்பிக்கு ஐஸோ? விசரே உங்களுக்கு?"

"ஐஸ் போடவேணும். பாலும் சில்லெண்டு இருக்கவேணும். பால்மா வேண்டாம், பசுப்பால் வாங்கு."

திங்கட்கிழமை பசுப்பால் வாங்கிக் காய்ச்சி, ஆறவிட்டு, பிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்தாள். ஐஸும் போட்டாள். பச்சையும் பாலும் ஓரளவு விலகி நின்றன. அட, வந்துவிட்டது என்று கோப்பியை ஊற்றினாள். அது ஒரு நிமிடம்கூட மேலே நிற்காமல் நேரே அடிக்கு இறங்கியது. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றச் சொன்னான். ஊற்றினாள். இறங்கியது.

"எனக்கு இப்பிடி இறங்கிறேல்லையே" என்று அவனும் குழம்பினான். "நீ எப்பிடி ஊத்திறாய், காட்டு."

வீடியோவில் காட்டினாள். அவனும் தன் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். கதை கோப்பியில் தொடங்கி எங்கெங்கோ போனது. பத்து மணித்தியாலம் மெசினுக்கு முன்னால் நின்றபடி வேலை, வலது முழங்கால் இரவில் குத்தும், ஒரு எகிப்துக் கிழவர் ஒவ்வொரு நாளும் வந்து அவன் பெயரைப் பிழையாகவே கூப்பிடுவார், பெருவிரல் நோன்புக்கு முந்தின வாரம் ஆவியில் சுட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "நீ கேக்கேல்லையே" என்றான். கேள்வி கேட்பதில் பெயரெடுத்தவளுக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. ஊரார் குளிசையெல்லாம் விசாரித்தவள், கட்டினவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று ஐம்பது நிமிடம் கதைத்தார்கள். அவன் வேலைக்குப் பிந்திப் போனான்.

கையெழுத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை பார்மசியில், வயிற்றோட்டத்தோடு வந்த ஒரு கமக்காரருக்கு உப்புக்கரைசல் தூளைப் போத்தல் தண்ணியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். தூள் கரையக் கரைய, கரைசல் நூல் நூலாக அடிக்கு இறங்கியது. றிம்ஸியா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கரைந்த பிறகும் பாரம் பாரம்தான். இனிப்பும் உப்பும் உள்ள தண்ணி கீழேதான் போகும்.

"சீனி!" என்று கத்தினாள்.

"சீனியும் போடவேணுமோ பிள்ளை?" என்று கமக்காரர் பயந்து கேட்டார்.

"உங்களுக்கில்லை அண்ணை, எனக்கு!"

விசயம் இதுதான். அவர்கள் வீட்டில் கோப்பி என்றால் சீனியோடு சேர்த்தே காய்ச்சுவது. சீனியில்லாக் கோப்பியை அந்தக் குசினி கண்டதே இல்லை. அவளுடைய கை தன்பாட்டில் மூன்று கரண்டி சீனியைக் கேத்தலுக்குள் போட்டுவிட்டு, பிறகு கோப்பி ஏன் தாழ்கிறது என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கும் இது தோன்றவில்லை. அவனுடைய மெசினுக்குள் சீனி போடுகிறவர் யார்? சீனி பச்சைக்குள் போகவேண்டும், கோப்பி வெறுமையாக இருக்கவேண்டும். வீட்டுக்குப் போகும்போது ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை நாலு மணி. போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் சப்ராஸ் கறுப்பு ஏப்ரன் கட்டி, வேலைக்கு வெளிக்கிட்டு நின்றான்.

"இண்டைக்குக் கனநேரம் நிக்கேலாது, றிம்ஸி. ஒபிசுக்குப் போகவேணும்."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. பச்சையில் சீனியைக் கரைத்துக் கிளாஸின் அடியில் விட்டாள். ஐஸைப் போட்டாள். பாலை ஐஸின் மேல் மெல்ல வார்த்தாள். சிரிஞ்சில் வெறுங்கோப்பியை இழுத்து, கிளாஸின் ஓரத்தில் முனையை வைத்து, பச்சைப்பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோலத் துளித்துளியாக அமத்தினாள். கோப்பி நின்றது. அப்படியே பாலின் மேல் படர்ந்து நின்றது. மாமிகூட வாசலில் வந்து எட்டிப்பார்த்து, "மாஷா அல்லாஹ், கொடி மாதிரி" என்றார்.

"எங்கட கடையிலகூட இப்பிடி வடிவா வராது" என்றான் சப்ராஸ். அவன் குரலில் பகிடி இல்லை. "குடி, றிம்ஸி. குடிச்சுப்போட்டுச் சொல்லு."

அவள் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததே?"

"தெரியாது."

"என்ன தெரியாது?"

"நான் இதை ஒருநாளும் குடிச்சதில்லை. ஒரு நாளைக்கு எண்பது, நூறு போடுறனான். வேலை செய்யிறாக்களுக்குப் பிளேன்ரீதான். இதில கை வச்சால் கமராவில பிடிச்சிடுவாங்கள்." சிரிக்கப் பார்த்தான், சரிவரவில்லை. "சொல்லன், என்ன ருசி? கசப்போ, இனிப்போ?"

நாக்கில் கசப்பும் பாலும் இனிப்பும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கண்ணால் தண்ணி ஓடியது. மாமி நிற்கிறாரே என்ற வெட்கம்கூட வரவில்லை.

"சொல்லமாட்டன்" என்றாள். "வந்து குடிச்சுப் பாருங்கோ. கையெழுத்து வைக்காதீங்கோ, மச்சான். கல்லுச்சுவர் கல்லாவே நிக்கட்டும். எனக்கு நீங்கள் வேணும்."

மாமி என்ன சொல்லப்போகிறாரோ என்று றிம்ஸியா திரும்பிப் பார்க்கவில்லை. மாமி உள்ளே வந்து போனைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"மகன், புள்ள சொன்னது கேட்டுதோ?"

திரையில் சப்ராஸ் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டது உம்மா" என்றான். "இஞ்ச வந்த நாளில இருந்து எல்லாரும் எப்ப வருவாய் எண்டுதான் கேட்டவை. வா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

றிம்ஸியா மாமியின் தோளுக்கு மேலால் போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாங்கோ" என்றாள்.