வெட்டாத கடைசி மடிப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலைப்பாதையில் எத்தனையோ முறை தனியாக நடந்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது இதுதான்.

எண்பதுகளில், ஏற்காடு ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு படிப்பகத்தில் எனக்கு வேலை. நாலாம் வகுப்போடு நின்றவனுக்குப் புத்தகங்களுக்கு நடுவில் என்ன வேலை என்றால், கூட்டுவது, துடைப்பது, பனியில் ஈரம் கோத்த புத்தகங்களைக் கரியடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைப்பது. அடிவாரத்திலிருந்து வந்தவன், வாய் திறக்கக் கூச்சம், சில நாள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அங்கேதான் செபஸ்தியான் வந்தான். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷினில் வேலை. என் வயதுதான். அவனும் ஐந்தாம் வகுப்போடு சரி. பழச்சாறு ஊறி அவன் கட்டைவிரல் எப்போதும் பழுப்பாக இருக்கும். முதல் நாள் ஒரு தடித்த கதைப்புத்தகத்தை நீட்டினான்.

"ஏனுங்க, இது ஒட்டிக்கிட்டு கெடக்குதுங்களே?"

பழைய புத்தகங்கள் சிலவற்றில் தாளின் ஓரங்களை வெட்டாமல் மடிப்பாகவே விட்டிருப்பார்கள். மேலேயும் பக்கவாட்டிலும் மூடியிருக்கும். மூங்கில் சிம்பால் கிழித்தால்தான் உள்ளே இருக்கிற இரண்டு பக்கங்கள் திறக்கும். நான் வரிசையாகக் கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டான்.

"ஒரேடியா வெட்டாதீங்க. படிக்கப் படிக்க வெட்டிக்கலாம். அப்பத்தான் திருட்டுத்தனமா முடிவப் பாக்க முடியாது."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்து வருவான். இடது பக்கம் அவன் படிப்பான், வலது பக்கம் நான். இரண்டு பேரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்போம், அதனால் ஒருவருக்கொருவர் வெட்கமில்லை.

"அட பொன்னா, அங்க கொலை நடக்குதப்பா, நீ கல்யாணப் பத்திரிக்கை மாதிரி படிக்கறயே!" என்பான். நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த மேசையில்தான். அவன் படித்த பக்கங்களின் மேல் மூலையிலெல்லாம் கட்டைவிரல் கறை இருக்கும். படிப்பகத்துக்குப் பொறுப்பான ஐயா திட்டுவார், நான் ரப்பரால் தேய்ப்பேன்.

இரண்டு வருஷத்தில் நாலு மடிப்புதான் பாக்கி. தை மாதத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அவன் சம்சாரம் மேரி ஜீப் பிடித்து வந்து சொன்னது. "அண்ணா, அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாரச் சொன்னாருங்க. உங்களையுந்தான். அதையே சொல்லிக்கிட்டு கெடக்கறாருங்க."

அது வெளியே கொடுக்கிற புத்தகம் இல்லை, ஐயாவிடம் கேட்க வேண்டும். மூன்று நாள் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன், துடைப்பது போல நடித்துவிட்டுத் திரும்பினேன். வாய் வரவில்லை. நாலாம் நாள் அவன் செத்துப்போனான்.

அடக்கத்தன்று கல்லறையில் மேரி என் கையைத்தான் பார்த்தது. "கொண்டாந்தீங்களாண்ணா?"

பங்குனியில் முதல் மழை பெய்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மலையில் ஒரு பழம் கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம், பனிமூட்டம், படிப்பகத்தில் யாருமில்லை. அவனுக்காக மிச்சத்தை நானே படித்துவிடலாம் என்று உட்கார்ந்து, முதல் மடிப்பைக் கிழித்தேன்.

உள்ளே இடது பக்கம், மேல் மூலையில், பழுப்பாகக் கட்டைவிரல் கறை.

நம்பினால் நம்புங்கள், அந்த மடிப்பை அதுவரை யாரும் கிழித்ததில்லை. தொட்டேன், என் விரலில் ஈரமாக ஒட்டியது. காப்பிப் பழம் புளித்த வாடை. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது மடிப்பிலும் அப்படியே. மூன்றாவதில் கறை மிகவும் லேசாக இருந்தது, விரலில் தெம்பே இல்லாதது போல. நாலாவதைக் கிழிக்காமல் மூங்கில் சிம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

கண் மயக்கம் என்பீர்கள். ஆனால் எப்போது வந்தாரோ, பின்னாலிருந்து ஐயா எட்டிப் பார்த்தார். "உங் கூட்டாளி கறைய இன்னுந் தொடைக்கலியாய்யா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

படிப்பகத்தை மூடியபோது அந்தப் புத்தகத்தை மட்டும் ஐயாவிடம் வாய் திறந்து கேட்டு வாங்கினேன். கேட்டதும் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

கடைசி மடிப்பை இன்னும் கிழிக்கவில்லை. உள்ளே கறை இல்லையென்றால், கதையின் முடிவு தெரியாமலே அவன் போனது என்னால்தான். இருந்தால், தன் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, நான் என் பக்கத்தைப் படிப்பேன் என்று அவன் இன்னும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருஷா வருஷம் காப்பி பூக்கிற மாதத்தில் அந்தப் புத்தகம் இருக்கிற பெட்டியைத் திறந்தால் அந்தப் பழ வாடை வருகிறது.