கருட மண்டலத்து நோவாவும் ஞானதாஸ் மாஸ்டரின் குத்தும்

யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இந்த அஞ்சலியின் வாசலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். மீறி நம்புகிறவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

போன செவ்வாய்க்கிழமை காலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஞானதாஸ் மாஸ்டரின் மைத்துனன் செல்வராஜ் போன் செய்தான். "அண்ணே, அத்தான் போயிட்டாரு" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நிலையத்திலிருந்த அத்தனை பஸ்களும் என்ஜின் அணைந்து, தலைகுனிந்து நின்றன. மாரடைப்பாம். காலன் பின்பக்கமாகத்தான் வந்திருப்பான். நேருக்கு நேர் வந்திருந்தால் இன்றைக்கு நாம் காலனுக்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருப்போம்.

கரமனை மொட்டைமாடிக் கூட்டத்தாரே, ஞானதாஸ் மாஸ்டரின் கைபட்ட அனைவருக்கும் இதை எழுதுகிறேன். பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த மனிதர். பகலில் பையன்களை ஓடவிட்டார். இருட்டினால் நம்மை மாடியில் வரிசையாக நிறுத்தி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பார்க்கவைத்தார். இரண்டு வேலைக்கும் ஒரே விசில்தான். முதல் விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் எவனும் தன் ஒளிக் கணிப்பை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "அடுத்தவன் நம்பரு காதுல விழுந்தா கண்ணு பொய் சொல்லும் கேட்டியா" என்பார். ஒருமுறை நான் மறந்துபோய் முணுமுணுத்துவிட்டேன். விழுந்த குத்தில் என் முதுகெலும்பு நெய்யாற்றின்கரை வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்தது.

மங்கிக்கொண்டே போகும் ஒன்றை அளப்பதற்கு, மங்காத வேறு நட்சத்திரங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை அவர் சாட்சிகள் என்பார். "ஒரு சாட்சி நம்ம ஆளவிட வெளிச்சமா இருக்கணும், இன்னொண்ணு மங்கலா இருக்கணும். ரெண்டும் அதே தெருவுல, அதே ஒசரத்துல நிக்கணும். குடிகாரனக் கூண்டுல ஏத்தாத." குடிகாரன் என்றால் தானே கூடிக் குறையும் நட்சத்திரம். சிவந்த நட்சத்திரமும் ஆகாது. முறைத்துப் பார்க்கப் பார்க்க அது கூடுதலாக ஒளிர்வதுபோல் கண்ணை ஏமாற்றும். இந்தச் சட்டங்களை மீறியவர்களின் காதுகள் இன்றும் முறுக்கினபடியே இருக்கின்றன. கூட்டத்தில் யாரையாவது திரும்பிப் பாருங்கள், தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி டிசம்பரில், கருட மண்டலத்தில் ஒரு நோவா வெடித்தது. பக்கத்திலிருக்கும் நட்சத்திரத்தின் வாயுவைப் பிடுங்கித் தின்று, செரிக்காமல் வெடிப்பதுதான் நோவா. ஆக, பிறவியிலேயே அடிதடிக் கேஸ். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாம் வருடம் இரண்டாயிரம் பிறந்தால் உலகம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த மாதம் அது. நமக்கு அந்தக் கவலை இல்லை. மேற்கு வானத்தில் அவன் நாளுக்கு நாள் மங்குவதைக் கணித்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று மாஸ்டரின் கணிப்பில் மங்குவது நின்றது. பிறகு ஒளி ஏறவும் தொடங்கியது. "எழும்பிட்டாம்லே" என்று மாடி அதிர நடந்தார். மறுநாள் காலையில் வெளிநாட்டு நட்சத்திரச் சங்கத்துக்குக் கடிதம் போவதாக முடிவாயிற்று. உண்மையானால் உலகமே கரமனையைத் திரும்பிப் பார்க்கும். பொய்யானால் அதன்பின் நம் கணிப்பை எவனும் மதிக்க மாட்டான். கடிதத்தில் அவர் பெயர்தான் முதல் பெயர்.

வினை ஒரு தென்னையில் இருந்தது. சரியான உயரத்தில் நின்ற சாட்சியைப் பக்கத்து வீட்டுப் பாஸ்கரன் பிள்ளையின் தென்னை மறைத்தது. அந்த மரத்தின் தேங்காய் மாஸ்டர் வீட்டுச் சமையலறை ஓட்டில் விழுந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எனவே மாஸ்டர், நோவாவுக்கு வெகு கீழே, தொடுவானத்தை ஒட்டி நின்ற வேறொரு நட்சத்திரத்தைச் சாட்சியாகப் பிடித்திருந்தார். ஊரை ஒழுங்குபடுத்திய மனிதர், பிள்ளையின் மேலிருந்த கோபத்தில் தன் சட்டத்தைத் தானே மறந்தார்.

அன்று சாயங்காலம் செல்வராஜ் தாமதமாக வந்தான். மாஸ்டரின் மனைவி ரோஸ்லெட்டுக்குத் தம்பி, வங்கி குமாஸ்தா, பரம சாது. முதல் விசில் ஊதியாகிவிட்டது. படியேறி வந்தவன் மூச்சு வாங்கியபடி சொன்னான்: "ஆறு புள்ளி ரெண்டு. அவன் எழும்பல்ல அத்தான். மங்கிட்டுத்தான் போறான்."

எண் ஏற ஏற ஒளி குறைவு என்பது நம் கணக்கு. மாஸ்டரின் எண் ஐந்தரை. விசில் அவர் வாயிலிருந்து விழுந்தது.

"எங்கெருந்துலே பாத்த?"

"பிள்ளைச் சார் மாடியில. சங்குமுகத்துக் கடல் மூட்டத்துல ஒங்க சாட்சியாக்கும் முங்குது. அவன் மங்க மங்க, நோவா எழும்பினமாதிரி இருக்கு."

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பத்து வாய் வேண்டும். மாஸ்டர் முதல் குத்து விட்டார். செல்வராஜின் முன்பல் ஒன்று கிளம்பி, விமான நிலையத்தில் இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடித்தது. சாது செல்வராஜ் முக்காலியைப் பிடுங்கிச் சுழற்றினான். மாஸ்டரின் இடக்கண் பலாப்பழமாக வீங்கியது. பைனாகுலர் வாரால் ஒருவர் கழுத்தை ஒருவர் இறுக்கினார்கள். கைப்பிடிச் சுவர் உடைந்தது. விழிஞ்ஞத்துத் தோணிகள் புயல் என்று கரை திரும்பின. எதிர்மாடியிலிருந்து பிள்ளை, எந்தப் பக்கம் என்று பாராமல் தேங்காய் எறிந்தார். நடுவில் புகுந்த என்னை இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மடித்து மூலையில் வைத்தார்கள். ரோஸ்லெட் ஒரு குடம் தண்ணீருடன் ஏறி வந்து இருவர் தலையிலும் கொட்டினாள். "ஒரு நச்சத்திரத்துக்காவ எனக்கத் தம்பிய நீங்க கொல்லணும், எனக்கத் தாலிய அவன் அறுக்கணும், அப்பிடித்தானே?" என்றாள். சத்தம் நின்றது.

நோவா இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சொட்டச் சொட்ட நின்று மேற்கே பார்த்தார். பைனாகுலரை எடுத்தார். கீழே இறங்கி, பிள்ளை வீட்டுக் கேட்டைத் தட்டினார். பிள்ளை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"கேறி வா மாஷே" என்றார்.

நாங்களும் பின்னால் ஏறினோம். அங்கே தென்னை மறைக்கவில்லை. இடக்கண் மூடிக்கிடக்க, வலக்கண்ணால் நோவாவைப் பார்த்தார், சரியான சாட்சிகளைப் பார்த்தார், மறுபடி நோவாவைப் பார்த்தார். பல் போன வாயைப் பொத்திக்கொண்டு செல்வராஜ் பக்கத்தில் நின்றான்.

"ஆறு புள்ளி ரெண்டு" என்றார் மாஸ்டர். "லெட்டரு போவாண்டாம்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். விசிலைச் செல்வராஜ் வைத்துக்கொள்ளட்டும், அவன் பல்லுக்கு அது ஈடு. யாரையாவது எடைபோட உட்காரும்போதெல்லாம், நான் பிடித்திருக்கும் சாட்சி எந்த மூட்டத்தில் நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி, நண்பர்களே, பறந்த பல், உடைந்த சுவர், கரை திரும்பிய தோணிகள், தேங்காய் மழை, என் முதுகெலும்பு எல்லாம் என் கைச்சரக்கு. வீங்காத கண்ணால் பார்த்து, தன்னை அடித்தவனின் எண்ணையே அவர் சொன்னார். அது ஒன்றுதான் நடந்தது.