மிஸ் என்ற சொல்

யுத்தம் நடந்த அந்த நாட்களில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்த அறையில் ஸ்போக்கன் இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜ்களில் தங்கி, விசாவுக்குக் காத்திருப்பவர்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் எங்கேயும் போவதற்காகப் படிக்கவில்லை. முப்பது வயதிருக்கும். துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய கணவர் காணாமல்போய் ஏழு மாதம். பொலிசிலும் முகாம்களிலும் நல்ல சிங்களத்தில் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு தகவலும் இல்லை. காணாமல்போனவர்களைத் தேடும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

“நான் எழுதித் தாறன்” என்றேன்.

“வேணாம் மிஸ். மத்தாக்கள் எழுதித் தந்து மூண்டு கடிதம் அனுப்பிட்டன். அதுல என்ன இருந்துச்செண்டே எனக்குத் தெரியாது. இத நானே எழுதுறன்.”

ஒரு சனிக்கிழமை பலகையில் ‘மிஸ்’ என்ற சொல்லை எழுதி விளக்கினேன். பஸ்ஸைத் தவறவிட்டாலும் அதுதான். தாயைப் பிரிந்து ஏங்கினாலும் அதுதான். புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் அதே சொல். “அப்ப நீங்களும் மிஸ்தானே!” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அவள் தலை நிமிராமல் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கடிதத்தோடு வந்தாள். முதல் வரி, ‘ஐ மிஸ்ட் மை ஹஸ்பண்ட்.’ நான் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, மேலே ‘மை ஹஸ்பண்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்று எழுதினேன்.

“பிழையா மிஸ்?”

“நீங்க எழுதினது, பஸ்ஸ விட்ட மாதிரி அவரத் தவறவிட்டன் எண்டு வரும்.”

“அதுதான் மிஸ் நடந்தது.”

பிறகு சொன்னாள். மகளுக்குக் காதுவலி. பொரளையில் டொக்டரிடம் காட்ட வேண்டும். வேலையிலிருந்து நேரே வந்து நாலு மணிக்கு அங்கே பஸ் ஹோல்ட்டில் நிற்பதாக அவர் சொல்லியிருந்தார். வெளிக்கிடுகிற நேரம் பிள்ளை வேறு சட்டை வேண்டுமென்று அழுதிருக்கிறது. அதை அயர்ன் பண்ணிப் போட்டுவிட்டு வர பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைச் செக்பொயின்ற்றில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பொரளைக்குப் போய்ச் சேர ஐந்தேகால். அங்கே தம்பிலி இளநீர் விற்கிற மனுசன்தான், அடையாள அட்டையைப் பார்த்து ஒருவரை ஜீப்பில் ஏற்றினார்கள் என்று சொன்னானாம்.

“எங்களுக்காகத்தானே மிஸ் அங்க நிண்டவர். நான் நேரத்துக்குப் போயிருந்தா, பிள்ளையோட நிக்கிறாரெண்டு விட்டிருப்பாங்க.”

“உங்கட பிழை இல்ல” என்றேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.”

என் வசனத்தை முதல் வரியாக வைத்துக் கடிதத்தைத் திரும்ப எழுதினோம். தன்னுடைய வரி கடைசியிலாவது இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அந்த அலுவலகத்துக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விட்டேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது என்று அச்சடித்த நாலு வரி, கீழே ஓர் இலக்கம். வகுப்பு முடிந்த பிறகு அதை என் முன்னால் நின்று ஒரு சொல்கூடத் தடக்காமல் வாசித்தாள். “வெரி குட்” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வரவில்லை. மட்டக்குளியில் ஒரு கார்மென்ற் தொழிற்சாலையில் தைக்கச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

சில வருசம் கழித்து, ஒரு செத்தவீட்டுக்காகக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, கோயிலடியில் அவளைக் கண்டேன். பக்கத்தில் மகள், தாயின் தோளுயரம் வளர்ந்திருந்தாள். “இவ இங்கிலிஷ்ல வகுப்பிலயே முதலாம் பிள்ளை மிஸ்” என்றாள். நான் சந்தோசம் என்றேன். அவரைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மகளை மெழுகுதிரி வாங்க அனுப்பிவிட்டு அவளே சொன்னாள்:

“இன்னும் ஒண்டுமில்ல மிஸ்.”