எங்கள் வாசற்படியோடு நின்ற வெள்ளம்

தாமிரபரணி கரைபுரண்ட அன்று வெள்ளம் எங்கள் வாசற்படியோடு நின்றுவிட்டது. பள்ளத்திலிருந்த பக்கத்து வீட்டில் இடுப்பளவு ஏறியது.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சாட்சி சொல்லப் போதகர் என்னை அழைத்தார். “ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் காப்பாற்றினார்” என்று சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி, யாரோ கொடுத்த சேலையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தவள். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவளே கேட்டாள். “ஏன்க்கா சாட்சி சொல்லல?”

“நீயுந்தான ஜெபிச்ச? ஒன் வீட்ட ஏன் விட்டாருன்னு தெரியலியே.”

“எனக்குந் தெரியலக்கா. அவர்ட்டதான கேக்கணும்? தெனமும் கேக்கத்தான் செய்யுதேன்.”

மதியம் அவளோடு சேர்ந்து அவள் வீட்டுச் சேற்றை அள்ளினேன். மனம் அடங்கவில்லை. இன்றும் ஜெபிக்க உட்கார்ந்தால் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.