மேகங்கள் குழு மாறிய மதியம்

வானிலை அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘சர்வர் அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். அலுவலகத்தின் பொதுக் கணினியான சர்வரில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

ஒரு மதியம் வரைபடப் பிரிவிலிருந்து அவள் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, மேகப் படமெல்லாம் திறக்கவே மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு மூஞ்சில அடிக்குது.”

அந்தப் படங்களை எடுத்தவர் சமீபத்தில் இறந்துபோயிருந்தார். அவருடைய குழுவையும் கலைத்துவிட்டார்கள். படங்கள் மட்டும் ஆளில்லாத அந்தக் குழுவின் பேரிலேயே கிடந்தன.

அவள் குழுவை மாற்றும் chgrp கட்டளையை அடித்து, படங்கள் இருந்த ஃபோல்டரை வரைபடக் குழுவுக்கு மாற்றினாள்.

“ஃபோல்டர் திறக்குது, உள்ள இருக்கிற படம் திறக்கலையே!”

உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து மாற்ற, கட்டளையோடு -R போட வேண்டும். அவசரத்தில் விட்டிருந்தாள். சேர்த்து மறுபடி அடித்தாள்.

“வந்துடுச்சுக்கா! ஆனா உரிமையாளர்னு இன்னும் அவர் பேருதான் இருக்கு. அதையும் மாத்தணுமா?”

“வேணாம்டி. நீங்க பார்க்கிறதுக்குக் குழு மாறினாலே போதும். எடுத்தவர் பேரு இருந்துட்டுப் போகட்டும்.”

போனை வைக்க மனம் வராமல் அவளும் ஒரு படத்தைத் திறந்தாள். வெண்மேகம் ஒன்று திரை முழுக்க மெத்தென்று பரவியது. அறையே லேசாக மிதப்பது போலிருந்தது.

“முதல் படத்தைப் பாரேன். ஆமை மாதிரி இல்ல?” என்றாள்.

“ஆமையா? மாமா சோபால குப்புறப் படுத்துத் தூங்குற மாதிரி இருக்கு.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு போனைக் காதில் வைத்தபடியே ஒவ்வொரு மேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.