புளியமரத்தைத் தாண்டிய பந்தயக் கார்

சோழவரம் பந்தயத்தில் ஓடிய பழைய காரைச் சென்னையில் வாங்கி, கச்சிராயபாளையத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். எடை குறையப் பின்சீட்டைக் கழற்றி, தரையோடு தரையாகத் தாழ்த்திய வண்டி. மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாலையை மறிக்கும் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. இந்த வேகத்தை யாரால் மறிக்க முடியும் என்ற திமிர் எனக்கு.

கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது. வண்டியைத் திருப்புவதற்குள் பின்னாலும் ஒரு மரம் சாய்ந்தது. வயலில் இறக்கினால் வண்டி வரப்பில் தட்டி நின்றுவிடும். கோடரியோடு பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கதவுகளைப் பூட்டிக்கொண்டேன். என்ன ஜாதி என்று கேட்டால் என்ன சொல்வது?

முண்டாசு கட்டியவர் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னாங்க, உள்ளயே குந்திக்கினு கீறீங்க? போலீசு வந்தா கல்லு பறக்கும். வண்டி நாசமாப் பூடும். மரத்துக்கு அந்தாண்ட தூக்கி வெச்சிடறோம்."

தலையை மட்டும் ஆட்டினேன். எல்லோரும் குனிந்து பிடித்தார்கள். வண்டி ஒரு சாண் எழும்பி, மறுபடி தரையில் உட்கார்ந்தது.

அவர் திரும்பவும் தட்டினார். "காரு வெயிட்டு கம்மிதாங்க. நீங்க எறங்கினாத்தான் தூக்க முடியும்."

இறங்கினேன். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

இன்றும் சில இடங்களில் கை தானாகக் கதவைப் பூட்டப் போகும். அப்போது அந்தத் தட்டல் காதில் விழும்.